கதையும் கல்வெட்டும்: பேரப்பிள்ளைகளோடு தஞ்சையில் மூன்று நாள்

கோடை விடுமுறை. மாலை நான்கரை மணி. தஞ்சைப் பெரிய கோயிலில், மகாமண்டபத்தின் தென்புறத் தரையில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேத்தி, பேரன். விமானத்தைச் சுட்டிக்காட்டி, "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையிலே விழவே விழாது, தெரியுமா?" என்றார் தாத்தா. ஒன்பது வயதுப் பேரன் அண்ணாந்து பார்த்தான். பிறகு குனிந்து தன் காலடியைப் பார்த்தான். "தாத்தா, நாம இப்ப நிக்கிறதே அதோட நிழல்லதானே?" என்றான்.

தாத்தாவிடம் பதில் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய தந்தை அவருக்குச் சொன்னதையே அவர் தம் பேரனுக்குச் சொன்னார். ஆனால் அதன் பிறகு அவர் எதைச் சொன்னாலும், "இதுவும் நிழல் கதை மாதிரியா தாத்தா?" என்ற கேள்வி கூடவே வந்தது. நந்தியைப் பற்றிச் சொன்னபோதும் அதே கேள்வி. கருவூர்த் தேவரைப் பற்றிச் சொன்னபோதும் அதே கேள்வி. ஒரு சிறு பிழை, சொல்ல வந்த பெரிய உண்மைகளையெல்லாம் சந்தேகத்தில் நிறுத்திவிட்டது.

பேரப்பிள்ளைகளைத் தலயாத்திரைக்கு அழைத்துச் செல்லும் பெரியவர்கள் பலரும் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். இன்றைய குழந்தைகளுக்குப் பக்தி இல்லை என்று வருந்துவோர் உண்டு. உண்மையில் குழந்தைகளுக்குக் கேள்வி இருக்கிறது. கேள்விக்கு விடை தரக்கூடிய ஊர்களுக்கு அவர்களை அழைத்துச் சென்றால், அந்தக் கேள்வியே பக்திக்கு வாசலாகும். அத்தகைய ஊர்களுள் முதலிடம் பெறத் தக்கது தஞ்சாவூர். இங்கே கதைகளும் உண்டு, கதைகளுக்குப் பக்கத்திலேயே கல்வெட்டுகளும் உண்டு. எது கதை, எது கல்வெட்டு என்று பிரித்துச் சொல்லிக் காட்டினால், குழந்தைகள் இரண்டையும் விரும்பி ஏற்றுக்கொள்வார்கள்.

ஒரே நாளில் ஒன்பது கோயில்கள் என்று வண்டி ஏறி இறங்கும் யாத்திரையில் முதியவர்களுக்கு முழங்கால் வலியும் குழந்தைகளுக்குச் சலிப்பும்தான் மிஞ்சும். தஞ்சைக்கு மூன்று நாள் ஒதுக்குவது நல்லது. நாளொன்றுக்கு இரண்டு இடம் அல்லது மூன்று இடம் போதும்.

முதல் நாள்: பெருவுடையார் சந்நிதியில்

பெரிய கோயிலை ஒரே நடையில் பார்த்து முடிக்கக் கூடாது. ஒரு மாலை, மறுநாள் ஒரு காலை என்று இரு முறை செல்வதே முறை. நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலை 4 மணிக்குத் திறக்கிறார்கள். வெயில் நேரத்தில் கருங்கல் தளம் பாதத்தைப் பொசுக்கிவிடும் என்பதால், வெயில் தாழ்ந்த பிறகு செல்வது முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உகந்தது.

கேரளாந்தகன் திருவாயில், ராஜராஜன் திருவாயில் என்னும் இரு வாயில்களைக் கடந்தால் நந்தி மண்டபம். ஒரே கல்லில் அமைந்த இந்தப் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. நந்தி வளர்ந்துகொண்டே போனதாகவும், அதன் முதுகில் ஆணி அடித்து வளர்ச்சியை நிறுத்தியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. அந்தக் கதையைக் குழந்தைகளுக்குத் தாராளமாகச் சொல்லலாம். "இது ஊரார் சொல்லும் கதை" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால் போதும். மாட்டுப் பொங்கலன்று காய்களாலும் கனிகளாலும் இனிப்புகளாலும் இந்த நந்திக்கு அலங்காரம் செய்வதையும், பிரதோஷ நாளில் இங்கே கூடும் கூட்டத்தையும் எடுத்துச் சொன்னால் அதன் பெருமை அவர்களுக்கு இன்னும் விளங்கும்.

நந்தியைத் தாண்டி நிமிர்ந்தால் 13 நிலைகளோடு உயர்ந்து நிற்கிறது ஸ்ரீவிமானம். 216 அடி உயரம் என்று பரவலாகச் சொல்லப்படும் இந்தக் கற்றளியை முதலாம் ராஜராஜ சோழன் 1010 ஆம் ஆண்டில் நிறைவு செய்தான். தன் ஆட்சியின் 25 ஆம் ஆண்டு, 275 ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைக்கப் பொன் வேய்ந்த குடத்தை அவன் அளித்த செய்தி கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. ஆண்டு மட்டுமன்று, நாள் கணக்கும் கூடவே இருக்கிறது. குழந்தைகளை வியக்கவைக்க நிழல் கதை தேவையில்லை. தஞ்சையைச் சுற்றிலும் வயல் உண்டு, ஆறு உண்டு, மலை மட்டும் இல்லை. மலையே இல்லாத ஊருக்கு இத்தனை கருங்கல்லும் எங்கிருந்து, எப்படி வந்து சேர்ந்தன என்று கேட்டால் போதும். பத்து வயதுக் குழந்தை அரை மணி நேரம் அதைப் பற்றியே யோசிக்கும்.

இறைவனைத் தரிசித்த பின் வெளியே வந்து, விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி மெல்ல நடக்க வேண்டும். பலர் வேகமாகக் கடந்துபோகும் இந்த இடத்தில்தான் தஞ்சையின் மெய்யான செல்வம் இருக்கிறது. அடித்தளம் முழுவதும் எழுத்து. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ் எழுத்தாயினும் ட, ப போன்ற சில எழுத்துகள் இன்றைய வடிவத்தை ஒட்டியே இருக்கின்றன. கல்லைத் தொடாமல், கண்ணால் மட்டும் பார்த்து, யார் அதிக எழுத்துகளைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று குழந்தைகளிடையே போட்டி வைக்கலாம்.

கல்லில் எழுதிய கணக்கு

அந்தக் கல்வெட்டுகள் சொல்வது என்ன? அவை பெரும்பாலும் கோயிலின் கணக்குப் புத்தகம். தான் கொடுத்தவை, தன் தமக்கை குந்தவை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை ஆகிய அனைத்தையும் விமானத்தின் கல்லிலே வெட்டும்படி ராஜராஜன் ஆணையிட்டான். பேரரசனின் கொடையைப் பதித்த அதே கல்லில் மற்றவர்களின் கொடைக்கும் இடம் கிடைத்தது.

கணக்கு எழுதிய நேர்த்தி வியக்கத்தக்கது. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய எடைக்கல், மணிகளை நிறுக்க 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் பெயருடைய எடைக்கல். எடைக்கல்லுக்கும் இறைவன் திருப்பெயரே. நகைகளில் பதித்த முத்துக்களை எண்ணி, வகை பிரித்து எழுதியிருக்கிறார்கள். உருண்டை முத்து இத்தனை, சப்பை முத்து இத்தனை, இரட்டை முத்து இத்தனை என்று பட்டியல் நீள்கிறது. நகைக்குள் இருக்கும் அரக்கும்கூடக் கணக்கில் காட்டப்பட்டுள்ளது. சிறந்தவற்றை மட்டும் சொல்லிப் பெருமை கொள்ளாமல், குறையுள்ள கற்களையும் குறையோடே பதிவு செய்திருக்கிறார்கள். இறைவன் திருமுன் எழுதும் கணக்கில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்ற தெளிவு அது.

கோயிலுக்கு வந்த பணம் முடங்கிக் கிடக்கவில்லை. ஊர்ச் சபைகளுக்கு அது கடனாகக் கொடுக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதல் என்றும் அப்படியே நிற்கும், வட்டி மட்டும் ஆண்டுதோறும் கோயிலுக்கு வரும். அந்த வட்டியிலிருந்து இறைவனின் திருமஞ்சன நீருக்கு வேண்டிய ஏலம், செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் முதலியவற்றுக்கு வழி செய்திருந்தார்கள். சில ஊர்கள் வட்டியைக் காசாகத் தராமல் நெல்லாக அளந்தன. அரைக்கால், வீசம் என்று வாய்ப்பாடு சொல்லி வளர்ந்த தலைமுறைக்கு இந்தக் கணக்குப் புரியும். அந்த வாய்ப்பாட்டைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

விளக்கின் கணக்கும் உண்டு. ஒரு விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய். அதற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். கால்நடைகளைப் பெற்றுக்கொண்ட இடையர் தலைமுறை தலைமுறையாக நெய் அளக்க வேண்டும். ஆடு மூப்படையலாம், இறக்கலாம். ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால்தான் சோழர் காலக் கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று சொல்லின. எண்ணிக்கை குறையாத மந்தை, அணையாத விளக்கு.

இவற்றுக்கு மேலாகக் குழந்தைகளின் மனத்தைத் தொடுவது பெயர்ப் பட்டியல். கோயில் பணிக்காக வரவழைக்கப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு அவர்களுக்கு அளிக்கப்பட்டது என்பது வரை கல்லில் உள்ளது. திருப்பதியம் பாடுவோர், கணக்கர், பண்டாரம் காப்போர், விளக்கேற்றுவோர், குடை பிடிப்போர், துணி வெளுப்போர், தையல்காரர், குயவர், தச்சர், கன்னார் என்று எல்லோருக்கும் அங்கே இடமுண்டு. பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் இருக்கிறது. ராஜராஜப் பெருநாவிதன் என்று நாவிதருக்கு அரசன் தன் பெயரையே பட்டமாக அளித்திருக்கிறான். கோயில் அரசனுடையது. ஆயினும் அதைத் தாங்கியவர்கள் யார் என்பதை மறைக்க அவன் விரும்பவில்லை.

அழகி தந்த நிழல்

இந்தக் கல்வெட்டுகளைப் பார்த்த பிறகு, பாட்டி ஒரு கதை சொல்லலாம். முன்பு சொன்ன குடும்பத்தில் அதுதான் நடந்தது. திருச்சுற்று மாளிகையில், வரிசையாக இருக்கும் சிவலிங்கங்களுக்கு அருகே அமர்ந்து, பேரனை மடியோடு சேர்த்துக்கொண்டு பாட்டி அழகியின் கதையைச் சொன்னார்.

கோயில் கட்டிய காலத்தில் அழகி என்றொரு இடைச்சி மூதாட்டி இருந்தாள். வெயிலில் உழைக்கும் சிற்பிகளுக்கு நாள்தோறும் மோர் கொடுத்தாள். விமானத்தின் உச்சிக்கு ஏற்ற கல் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டுத் தன் வீட்டு வாசலில் கிடந்த பெரிய கல்லைக் கொடுத்தாள். பணி முடிந்ததும் அரசன் கனவில் இறைவன் தோன்றி, மூதாட்டி அழகி கொடுத்த கல்லின் நிழலில் தாம் மகிழ்ந்திருப்பதாகச் சொன்னார். அரசன் அந்த மூதாட்டியைத் தேடிச் சென்று வணங்கினான்.

"இதுவும் கதைதானா பாட்டி?" என்றான் பேரன். "ஆமாண்டா கண்ணா, இது கதைதான். காதுவழியா வந்தது" என்றார் பாட்டி. அவன் சற்று யோசித்துவிட்டு, "ஆனா இதுல நிழல் விழுது" என்றான். தாத்தா சிரித்துவிட்டார்.

செவிவழிக் கதைக்கும் கல்வெட்டுக்கும் உள்ள உறவு அதுதான். மக்கள் அழகியின் கதையைக் கைவிடாமல் சொல்லி வருவதற்குக் காரணம் உண்டு. மற்றவர்கள் கொடுத்ததையும் எழுதுக என்று அரசன் ஆணையிட்ட கோயிலில், மோர் கொடுத்த கிழவிக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்று மக்கள் மனம் விரும்பியது. விமானத்தின் நிழல் விழாது என்ற பேச்சில் வியப்பு மட்டுமே உண்டு. அழகியின் கதையிலோ தர்மம் உண்டு.

கருவறையைச் சுற்றியுள்ள சோழர் கால ஓவியங்கள் 1931 இல் எஸ்.கே. கோவிந்தசாமி என்னும் அறிஞரால் வெளியுலகுக்குத் தெரியவந்தவை. மேல் தளத்தில், 108 கரணங்களுள் 81 மட்டும் செதுக்கப்பட்ட சிற்ப வரிசை உண்டு. இவ்விரண்டையும் நேரில் காணப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. படங்களில் காட்டி விளக்கலாம். அம்மன் சந்நிதி, நாயக்கர் காலச் சிற்ப நுட்பம் மிகுந்த முருகன் சந்நிதி, வாராகி அம்மன் சந்நிதி, கருவூர்த் தேவர் சந்நிதி ஆகியவற்றை மறுநாள் காலையில் நிதானமாகத் தரிசிக்கலாம்.

இரண்டாம் நாள்: அரண்மனையும் நூலகமும்

காலைத் தரிசனத்துக்குப் பின் அரண்மனை. 16 ஆம் நூற்றாண்டில் நாயக்க மன்னர்கள் தொடங்கி, பின் வந்த மராட்டிய மன்னர்கள் விரிவாக்கிய இந்த வளாகத்தில் தர்பார் மண்டபம், சங்கீத மகால், உயர்ந்த மணிமாடம் ஆகியவை உள்ளன. குழந்தைகளை முதலில் ஈர்ப்பது திமிங்கிலத்தின் எலும்புக்கூடுதான். தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒதுங்கியது அது. அதில் அவர்கள் திளைத்த பிறகு கலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்வது எளிது.

1951 இல் தொடங்கப்பட்ட கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் நிறைந்துள்ளன. திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ரிஷபவாகனர் இங்கேதான் இருக்கிறார். 1011 ஆம் ஆண்டைச் சேர்ந்த திருமேனி. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றி, ஒரு கையை விடையின் மேல் சாய்த்து நிற்கும் கோலம். ஆனால் விடை இல்லை. கை வெறுமையில் சாய்ந்திருக்கிறது. "இவர் எதன் மேல் கை வைத்திருக்கிறார்?" என்று குழந்தைகளிடம் கேட்டால் அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். இதே திருவெண்காட்டிலிருந்து வந்த பிட்சாடனரும் கண்ணப்ப நாயனாரும் உமையைக் கைப்பிடிக்கும் கல்யாணசுந்தரரும் அருகிலேயே காட்சி தருகிறார்கள். நாணத்தோடு சற்றே தலை குனிந்து நிற்கும் அம்பிகையின் முகத்தைப் பாட்டிமார்கள் பேத்திகளுக்குக் காட்டாமல் நகரக் கூடாது.

இங்கே தீபம் இல்லை, திருநீறு இல்லை. பக்தர்களில் சிலருக்கு அது மனத்தை உறுத்தும். கலைக்கூடத்தில் நின்றபடியே கைகூப்புவோரையும் காணலாம். அதில் தவறேதும் இல்லை. ஒரு காலத்தில் ஆபத்துக்கு அஞ்சி மண்ணுக்குள் மறைத்துக் காக்கப்பட்ட திருமேனிகள் பல. மீண்டு வந்தவர்களைக் கண்டு கைகூப்புவது இயல்பு.

அதே வளாகத்தில் சரஸ்வதி மகால் நூலகம் உள்ளது. நாயக்கர் காலத்தில் வேரூன்றிய இந்நூலகத்தைப் பேணி வளர்த்தவர் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி. காசி யாத்திரை சென்றபோதும் அவர் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு, மராத்தி ஆகிய மொழிகளில் பல்லாயிரக்கணக்கான சுவடிகள் இங்குள்ளன. சுவடி அறைகளுக்குள் பொதுமக்கள் செல்ல முடியாது. ஆயினும் காட்சிக் கூடம் சிறிதாயினும் செறிவானது. பனையோலையைப் பூச்சி அரிக்காமல் காக்க உதவும் பொருள்களில் வசம்பும் ஒன்று என்பதைச் சொன்னால் பாட்டிகளின் முகம் மலரும். 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் பெற்ற அதே வசம்புதான் சுவடியையும் வளர்த்தது.

சரபோஜியின் தன்வந்திரி மகாலில் கண் நோய்க்குச் சிகிச்சை அளித்து, நோயாளிகளின் கண்களைச் சித்திரமாகத் தீட்டி, குறிப்புகளும் எழுதி வைத்தார்கள். கண்புரை அறுவை செய்துகொண்ட தாத்தாக்களுக்கு இந்தச் செய்தி தனி நெருக்கம் தரும். 1803 இல் இதே மன்னர்தாம் தம் மரபின் வரலாற்றைப் பெரிய கோயிலின் தென்மேற்குத் திருச்சுற்றில் மராத்தியில் மிக நீண்ட கல்வெட்டாகப் பொறிக்கச் செய்தார். எழுதி வைக்கும் பழக்கம் அந்தக் கோயிலோடு ஒட்டியே வந்திருக்கிறது.

பகல் உணவில் சாம்பார் வரும்போது இன்னொரு கதை சொல்லலாம். மராட்டியர் அரண்மனைச் சமையலறையில், விருந்தாளியாக வந்த சாம்பாஜியின் பெயரால் சாம்பார் பிறந்ததாம். சான்று காட்ட இயலாத கதை. என்றாலும் சாப்பாட்டு வேளைக்குச் சுவையான கதை. "இது கதையா, கல்வெட்டா?" என்று இதற்குள் குழந்தைகளே கேட்கத் தொடங்கியிருப்பார்கள்.

மாலையில் மேல ராஜ வீதியிலுள்ள பங்காரு காமாட்சி அம்மன் கோயில். காஞ்சியிலிருந்து பாதுகாப்புக் கருதி எழுந்தருளச் செய்யப்பட்டு, உடையார்பாளையம் வழியாக 18 ஆம் நூற்றாண்டில் தஞ்சைக்கு வந்த பொற்காமாட்சி இவள். பொன் திருமேனியாயினும் புனுகு சாத்தப்பட்டுக் கரிய நிறத்தில் காட்சி தருகிறாள். சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான சியாமா சாஸ்திரிகளின் குடும்பமே இவளுக்குப் பூஜை செய்து வந்தது. இசை பயிலும் பேரப்பிள்ளைகள் இருந்தால் இங்கே ஒரு பாட்டு பாடச் சொல்வது பொருத்தம்.

பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்காவில் குழந்தைகள் ஓடியாடலாம், முதியவர்கள் மர நிழலில் அமரலாம். அருகிலேயே 1779 இல் கட்டப்பட்ட சுவார்ட்ஸ் தேவாலயம். அதனுள், தம் ஆசானாக விளங்கிய பாதிரியார் சுவார்ட்ஸ் மரணப் படுக்கையில் இருக்க, சரபோஜி அருகில் நின்று கைபற்றும் காட்சி சலவைக் கல்லில் வடிக்கப்பட்டுள்ளது. சமயம் வேறானாலும் குருவைப் போற்றிய மன்னரின் பண்பைக் குழந்தைகள் அறிந்துகொள்ளலாம்.

மூன்றாம் நாள்: புன்னைநல்லூரும் திருவையாறும்

காலையில் நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள புன்னைநல்லூர். சமயபுரம் சென்று வழிபட்ட மராட்டிய மன்னர் வெங்கோஜியின் கனவில் அம்மன் தோன்றி, தஞ்சைக்கு அருகே புன்னைக் காட்டில் தான் இருப்பதாக உணர்த்தியதாகத் தல வரலாறு கூறுகிறது. புற்று வடிவிலிருந்த அம்மனுக்குத் திருமுகம் அமைத்தவர் சதாசிவ பிரம்மேந்திரர் என்பது மரபு. மூலவர் புற்று மண்ணால் ஆனவர் என்பதால் அபிஷேகம் கிடையாது, தைலக்காப்பு மட்டுமே. அக்காலத்தில் ஒரு மண்டலம் வரை அம்மனைத் திரையில் எழுதி, அதற்கே வழிபாடு நடத்துகிறார்கள். கோடையில் அம்மனின் முகத்தில் வியர்வை அரும்பும் என்பது பக்தர்களின் அனுபவம். இது கதையன்று, கல்வெட்டுமன்று, நம்பிக்கை. அதற்குத் தனி இடம் உண்டு என்பதையும் குழந்தைகள் தெரிந்துகொள்ள வேண்டும். "பாட்டிக்கு அம்மை போட்டப்போ இங்கதான் வேண்டிக்கிட்டோம்" என்று சொல்லும் பாட்டியிடம் எந்தக் குழந்தையும் சான்று கேட்பதில்லை.

மாலையில் சுமார் 13 கிலோமீட்டர் வடக்கே திருவையாறு. வழியில் வாகனத்தில் உறங்க விடாமல் குழந்தைகளுக்கு ஒரு வேலை தரலாம். பாலங்களை எண்ணச் சொல்ல வேண்டும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஐந்தாவது ஆற்றைக் கடந்தால் ஊர் வந்துவிடும். ஐயாறு என்ற பெயருக்கு விளக்கம் கேட்க வேண்டிய தேவையே இராது. கோடையில் ஆற்றில் நீர் இல்லாவிட்டாலும் மணலைக் காட்டி எண்ணலாம்.

ஐயாறப்பர் கோயிலின் தென் திருச்சுற்றில் குறித்த இடத்தில் நின்று 'ஐயாறா' என்று குரல் கொடுத்தால் எதிரொலி கேட்கும். ஏழு முறை கேட்கும் என்பது வழக்கு. அது ஏழா, ஐந்தா என்று குழந்தைகளே எண்ணிப் பார்க்கட்டும். சோதித்துப் பார்க்கக் கூடிய அற்புதம் அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போகும். காவிரிக் கரையில், 1847 இல் சித்தியடைந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதிக் கோயிலில் சற்று அமைதியாக அமரலாம். அந்தக் கோயிலைத் தம் பொருளால் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். கொடுத்தவர் பெயரை மறவாத பண்பாட்டில் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திரும்பும் வழியில் பாசிப்பருப்பில் செய்த அசோகா அல்வா வாங்கித்தர மறந்தால் யாத்திரை நிறைவு பெறாது.

பெரியவர்கள் கவனத்திற்கு

பெரிய கோயிலின் மகாமண்டபத்துக்கு ஏறும் படிகள் முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம் தரும். கைத்தாங்கலாக ஏற ஒருவர் உடன் இருப்பது அவசியம். பிரதோஷம், ஐப்பசிச் சதய விழா, ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகம், வாராகி நவராத்திரி ஆகிய நாள்களில் கூட்டம் மிகுதி. விழாவைக் காண விரும்புவோர் அந்நாள்களைத் தேர்ந்தெடுக்கலாம், கல்வெட்டைக் காண விரும்புவோர் தவிர்க்கலாம். கலைக்கூடத்துக்கும் நூலகக் காட்சிக் கூடத்துக்கும் விடுமுறை நாள்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. தண்ணீர், மருந்து, குழந்தைகளுக்கு ஒரு குறிப்பேடு, பென்சில் ஆகியவை கையில் இருக்கட்டும். குறிப்பேட்டில் ஒரு பக்கம் கதைகளுக்கு, மறு பக்கம் கல்வெட்டுகளுக்கு. நினைவுப் பொருளாகத் தலையாட்டிப் பொம்மை ஒன்றை வாங்கித்தரலாம். எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும் அந்தப் பொம்மையின் இரகசியம் அதன் கனத்த அடிப்பாகம் என்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

திருவையாற்றுக்கு இன்னொரு பெருமை உண்டு. திருநாவுக்கரசர் தம் முதுமையில் கயிலையைக் காணப் புறப்பட்டார். கால்கள் தேய்ந்தன. கையால் ஊர்ந்தார், மார்பால் தவழ்ந்தார், பின் உருண்டும் சென்றார். அங்கங்கள் தளர்ந்த நிலையில் இறைவன் அவரைத் தடுத்து, அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் செய்தார். எழுந்தபோது அவர் நின்ற இடம் திருவையாறு. கண்ட காட்சி கயிலை. ஆண் யானையும் பெண் யானையும், சேவலும் பேடையுமாக எதிரே வந்த உயிர்களிலெல்லாம் அவர் சிவனும் சக்தியுமே கண்டார். ஆண்டுதோறும் ஆடி அமாவாசையில் இந்தக் காட்சி இங்கே விழாவாக நிகழ்கிறது.

அந்தக் குடும்பத்தின் தாத்தா, கோயில் திண்ணையில் அமர்ந்து பேரனுக்கு இதைச் சொல்லி முடித்தார். இம்முறை அவரே முந்திக்கொண்டு, "இது பெரிய புராணத்துலே இருக்கு. கல்வெட்டுலே இல்லே" என்றார். பேரன் குறிப்பேட்டைத் திறந்தான். எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் சற்றுத் தயங்கினான். பிறகு இரண்டு பக்கத்துக்கும் நடுவே, தைத்த நூலின் மேலேயே எழுதத் தொடங்கினான்.